தோற்றால் அடைத்து வைத்தார்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஜூடோ பற்றிப் பேசு என்றதும் தங்கம் வென்ற யாரையாவது பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒலிம்பிக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தவரைப் பற்றி. பெயர் போபோலே மிசெங்கா.

பிறந்தது 1992-இல், கிழக்கு காங்கோவின் புக்காவு நகரில். கிவு ஏரிக்கரையில், ருவாண்டா எல்லையை ஒட்டிய ஊர். போர் அந்தப் பக்கத்தைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். ஒன்பது வயதில் அவருடைய தாய் கொல்லப்பட்டார். பையன் காட்டுக்குள் ஓடினான். ஒரு வாரம் போலத் தனியாகத் திரிந்த பிறகுதான் மீட்டு, தலைநகர் கின்ஷாசாவில் அநாதரவான பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். ஜூடோ கற்றது அங்கேதான்.

இந்த இடத்தில் 'விளையாட்டு அவரைக் காப்பாற்றியது' என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. நன்றாக ஆடி நாட்டு அணிக்குப் போனபின், போட்டியில் தோற்றால் பயிற்சியாளர்கள் கூண்டு போன்ற அறையில் அடைத்துவைத்து, காபியும் ரொட்டியும் மட்டும் கொடுப்பார்கள் என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆக, நிமிர வைத்ததும் அந்த விளையாட்டுதான், நசுக்கியதும் அந்த விளையாட்டுதான்.

2013-இல் உலக ஜூடோ போட்டி ரியோ டி ஜெனிரோவில் நடந்தது. காங்கோ அணியின் பாஸ்போர்ட், சாப்பாட்டுப் பணம் எல்லாம் அதிகாரிகள் கையில். போபோலேயும், அதே அணியின் யோலாண்டே மபிக்காவும் ஓட்டலை விட்டு வெளியேறினார்கள். மொழி தெரியாது, கையில் காசு கிடையாது. அப்புறம் ஏழைக் குடியிருப்பில் வாசம், லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. 2014-இல் பிரேசில் அரசு அகதி என்று அங்கீகரித்தது.

அதற்குப் பிறகுதான் ஜெரால்டோ பெர்னார்டெஸ் வருகிறார். பிரேசில் ஒலிம்பிக் அணிக்கே பயிற்சியளித்தவர். ஃப்ளாவியோ கான்டோ, 2004 ஏதென்ஸில் வெண்கலம் வாங்கியவர், ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'ரியாசாவோ' என்ற அமைப்பில் ஜெரால்டோ ஜூடோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதலில் போபோலே, மபிக்கா இருவரையும் சமாளிப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. பயிற்சியிலேயே கூட ஆடுபவரைக் காட்டடியாகத் தூக்கிப் போட்டார்கள். பின்னே, தோற்றால் அடைத்து வைப்பார்கள் என்றால் யார்தான் மென்மையாக ஆடுவார்கள்? ஆனால் ஜூடோவைத் தனியாகப் பழக முடியாது. விழுந்து கொடுக்க ஒருவர் வேண்டும், நாளைக்கும் அவர் வர வேண்டும். 1882-இல் இதைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, இருவரும் சேர்ந்து வளர வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்தார். பிடி, உத்தி எல்லாம் போபோலேவுக்கு ஏற்கெனவே தெரியும். ஜெரால்டோ புதிதாகச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். என்னைக் கேட்டால், பதக்கத்தைவிட இது கஷ்டமான பாடம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக அகதிகள் அணி, மொத்தம் பத்துப் பேர். அதில் இந்த இரண்டு பேரும் உண்டு. மபிக்கா முதல் ஆட்டத்தோடு வெளியேறினார். போபோலே 90 கிலோ பிரிவு. முதல் ஆட்டத்தில் எதிரே வந்தவர் யார் தெரியுமா? நம் நாட்டு அவதார் சிங், பஞ்சாப்காரர். அன்று இந்தியா தோற்றதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் சிலர் கோபிப்பீர்கள், பரவாயில்லை. ஜெயித்தவருக்காக அரங்கமே ஆர்ப்பரித்தது. அடுத்து 2015 உலக சாம்பியன், தென்கொரியாவின் குவாக் டோங்-ஹான். அவரிடம் ஏறக்குறைய நான்கு நிமிடம் தாக்குப்பிடித்துத்தான் தோற்றார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஜெரால்டோவின் இன்னொரு மாணவி ரஃபேலா சில்வா பிரேசிலுக்குத் தங்கம் வாங்கியிருந்தார். ஒரே ஆசான், ஒரே பயிற்சிக்கூடம்!

போட்டிக்கு முன்னால் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது போபோலே அழுதுவிட்டார். சகோதரர்களைப் பார்த்துப் பல வருடமாகிறது, முகம்கூட நினைவில்லை என்றார். தொலைக்காட்சியிலாவது அவர்கள் தன்னைப் பார்க்க மாட்டார்களா என்ற ஏக்கம்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார், முதல் சுற்றோடு சரி. ஆனால் அந்த முறை அகதிகள் அணியில் இருந்த 29 பேரில் ஆறு பேர் ஜூடோ வீரர்கள். சிரியாவின் சாண்டா அல்தாஸ், ஆப்கானிஸ்தானின் நிகாரா ஷாஹீன் என்று ஒவ்வொருவரும் ஒரு தனிக் கதை. நேரமாகிவிட்டது. அவர்களைப் பற்றி யாராவது கேட்டால் கேள்வி நேரத்தில் சொல்கிறேன். நன்றி.