வெள்ளரிப் பிஞ்சு ஏன் தண்ணீர் விடுகிறது?

[காட்சி: தட்டில் வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரிப் பிஞ்சு. மேலே உப்பு தூவும் கை.]

உப்புத் தூவிக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. தட்டைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒரு வில்லையை எடுத்து வளைத்தால், முன்பு போல மொறுக்கென்று ஒடியவில்லை, துவண்டு மடிகிறது. யாரும் பிழியவில்லையே, தண்ணீர் எப்படி வெளியே வந்தது?

"உப்பு உறிஞ்சிவிட்டது" என்போம். பேச்சுக்கு அது போதும். ஆனால் உப்புக்கு உறிஞ்சத் தெரியாது.

[காட்சி: செல்லின் சவ்வு. இரு புறமும் நீர் மூலக்கூறுகள் துள்ளுகின்றன.]

நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைகின்றன. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வை இரண்டு பக்கமிருந்தும் கடந்துகொண்டே இருக்கின்றன. உப்புக்கும் சர்க்கரைக்கும் அந்த வழி அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. அவை மிகுதியாகக் கரைந்திருக்கும் பக்கத்திலிருந்து கிளம்பும் நீர் குறைவு, எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது அதிகம். வரவு செலவைக் கூட்டிக் கழித்தால், கரைந்த பொருள் மிகுந்த பக்கத்தில் தண்ணீர் சேர்கிறது. நம் வெள்ளரிக்கு அந்தப் பக்கம் செல்லுக்கு வெளியே, உப்புத் தூவிய பக்கம். இதன் பெயர் சவ்வூடு பரவல். இலங்கைப் பாடநூல்களில் பிரசாரணம் என்பார்கள்.

[காட்சி: இரண்டு சோதனைக் குழாய்கள். பின்னால் அச்சிட்ட ஒரு தாள்.]

இரண்டிலும் சில சொட்டு இரத்தம் விடுகிறோம். முதல் குழாயில் இருப்பது 0.9 சதவீத உப்புக் கரைசல், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. மருத்துவமனையில் ஏற்றுகிறார்களே, அதே சலைன்தான். இரண்டாவது குழாயில் வெறும் காய்ச்சி வடித்த நீர். முதல் குழாய் கலங்கலாக இருக்கிறது. பின்னால் உள்ள எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. சிவப்பணுக்கள் முழுதாக மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. இரண்டாவது குழாயைப் பாருங்கள். சிவப்புச் சாயம் கரைத்ததைப் போலத் தெளிந்துவிட்டது, எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன. தண்ணீர் உள்ளே புகுந்து, அணுக்கள் உப்பி, வெடித்து, ஹீமோகுளோபின் வெளியே கொட்டிவிட்டது. வெறும் தண்ணீரை நேரடியாக இரத்தக் குழாயில் ஏற்றக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

[காட்சி: கீரைக்கட்டு. தண்ணீர் தெளிக்கும் கை.]

கீரைக்கு மட்டும் ஏன் இந்தக் கதி இல்லை? கீரை விற்கும் அம்மா தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, வாடிய தண்டு நிமிர்கிறதே! தாவரச் செல்லுக்குச் சவ்வுக்கு வெளியே செல்லுலோஸால் ஆன சுவர் ஒன்று உண்டு. உள்ளே புகும் நீர் சவ்வைச் சுவரோடு அழுத்துகிறது, சுவர் எதிர்த்துத் தள்ளுகிறது. பல தாவரச் செல்களில் இந்த அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட அதிகம். மரக்கட்டை இல்லாத கீரைத்தண்டு அதன் பலத்தில்தான் நிற்கிறது. நம் வெள்ளரி இழந்ததும் அந்த அழுத்தத்தையே.

[காட்சி: உருண்டையான தவளை முட்டைகள், உருப்பெருக்கியில்.]

சவ்வு கொழுப்பால் ஆனது. அதை ஊடுருவித் தண்ணீர் இவ்வளவு வேகமாகப் போவது எப்படி என்பது நெடுநாள் புதிர். அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஏக்ரி, வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோது சிவப்பணுவின் சவ்வில் ஒரு புரதத்தைக் கண்டார். 1992இல் வெளியான ஆய்வில், அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முட்டைச் செல்களில் செலுத்தி, நீர்த்த கரைசலில் போட்டார்கள். ஆர்.என்.ஏ. பெறாத முட்டைகள் கிட்டத்தட்ட அப்படியே கிடந்தன. புரதம் பெற்றவையோ சில நிமிடங்களில் உப்பி வெடித்தன. தண்ணீருக்கென்றே தனிக் குழாய்! அதற்கு அக்குவாபோரின் என்று பெயர். 2003இல் ஏக்ரிக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

[காட்சி: சிறுநீரகத்தின் உட்புறம். நுண்குழல் ஒன்று.]

நம் சிறுநீரகம் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் பெரும்பகுதி திரும்ப இரத்தத்துக்கே போகிறது. உடலில் தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் வருகிறது. உடனே, சிறுநீர் வந்து சேரும் சேகரிப்பு நுண்குழலின் செல்கள், உள்ளே ஒதுக்கி வைத்திருந்த அக்குவாபோரின்களைச் சவ்வுக்குக் கொண்டுவந்து பொருத்துகின்றன. வெளியே உள்ள திசு உப்பு மிகுந்தது, எனவே நீர் அந்தப் பக்கம் போய்விடுகிறது. இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் தூங்கி எழுந்தால், காலையில் சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பது இதனால்தான். இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். குழாய்கள் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளப்படும், நிறமும் வெளுத்துவிடும்.