ஒரு புள்ளி உதை

நண்பர்களே, டோனி லாக்கெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆஸ்திரேலியக் கால்பந்தின் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள உயரமான இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளி. அதற்குப் பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி, ஏதோ ஆறுதல் பரிசு மாதிரி.

1996 செப்டம்பர், சிட்னி கிரிக்கெட் மைதானம். ஜெயித்தால் இறுதிப் போட்டி. சிட்னி ஸ்வான்ஸ் 69, எஸ்ஸென்டன் 69. முடியச் சில நொடிகள் இருக்கும்போது லாக்கெட் பந்தைப் பிடித்துவிட்டார். சக வீரர் உதைத்த பந்து தரையில் படுமுன் பிடித்தால், தடையில்லாமல் நின்று உதைக்கலாம். கம்பங்களோ ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி. அவருக்குக் கவட்டில் காயம் வேறு. அன்று ஆடுவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. சைரன் ஊதியபின் உதைத்தார். கோல் விழவில்லை, பந்து பக்கத்தில் போனது. 70–69! மொத்தம் 1360 கோல் அடித்தவரைப் பற்றிச் சிட்னிக்காரர்கள் இன்றும் பேசுவது இந்தத் தவறிய உதையைத்தான்.

பல்லாரட் ஊர்க்காரர். 17 வயதில், 1983இல் செயின்ட் கில்டா அணிக்கு ஆட வந்தார். சிறந்த ஆட்டக்காரருக்கு நடுவர்கள் வாக்களித்துத் தரும் ப்ரவுன்லோ பதக்கம் பெரும்பாலும் நடுக்கள ஆட்டக்காரர்களுக்கே போகும். 1987இல் ஜான் பிளாட்டனோடு இவரும் அதை வாங்கினார். அப்புறம், ஆள் சாதுவும் அல்ல. 1994இல் சிட்னிக்கு எதிராக 11 கோல் அடித்தார். அதே ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவரின் மூக்கையும் உடைத்தார். 8 ஆட்டம் தடை. அடுத்த ஆண்டு அதே சிட்னி அவரை வாங்கிக்கொண்டது! கடைசி இடத்தில் கிடந்து பழகிய அணி. மூக்கைப் பார்த்தால் முடியுமா?

1999 ஜூனில் 1300வது கோல். கார்டன் கவென்ட்ரியின் 1299 என்ற சாதனை 1937 முதல் நின்றது. எதிரணி, கவென்ட்ரி ஆடிய அதே காலிங்வுட். கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது, ஆட்டமே நின்றது.

கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. 1996 இறுதிப் போட்டியில் 6 கோல் அடித்தும் நார்த் மெல்போர்னிடம் 43 புள்ளியில் தோல்வி. ஓய்வு பெற்றவர் 2002இல் திரும்பி வந்து மூன்றே ஆட்டம் ஆடினார். சிட்னி கோப்பையை வென்றது 2005இல்.