அப்பாவை ஏற்றிக்கொண்டு பறந்தேன்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் நிற்பது செஸ்னா 172. ஒரே இன்ஜின், நான்கு இருக்கை. 1950-களிலிருந்து 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஓட்டப் பழகுகிற பலருக்கு முதல் விமானம் இதுதான், எனக்கும் இதுதான்.

"உங்கள் வீட்டில் யாராவது பைலட்டா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இல்லை. அப்பா விமான மெக்கானிக். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். ஆனால் சின்ன விமானம் ஒன்றில் அவர் ஏறிப் பறந்ததே இல்லை. தனியார் பைலட் உரிமம் வைத்துக்கொண்டு காசு வாங்கி ஆள் ஏற்ற முடியாது. யாரைக் கூட்டிப் போவது என்பது நம் ஆசைதான். போன வாரம் அப்பாவைக் கூட்டிப் போனேன்.

கிளம்பும் முன் இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும், நடுவில் ஒரு கோடு தெரியும். நான் குப்பியை வானத்துக்கு நேரே தூக்கினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து வெள்ளை இறக்கைக்கு முன்னால் கொண்டுவந்தார். "வானமே நீலமா இருக்கும்மா. குப்பி முழுக்கத் தண்ணியா இருந்தா கோடும் தெரியாது. ஏமாந்துடுவே." நாங்கள் போடும் 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். வெள்ளைக்கு எதிரே அந்த இளநீலத்தைப் பார்த்த பிறகுதான் கையை விட்டார். பெரும்பாலான நாடுகளில் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கும் மேலேயே பறந்தவள் நான், இது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் ரன்வேக்குப் பக்கத்தில் நிறுத்தி மேக்னெட்டோ சோதனை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தீப்பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ. ஒன்றை அணைத்தால் ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுழலும் வேகம், கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால்தான் பயம். அந்த மேக்னெட்டோ அணையவில்லை என்று அர்த்தம். நின்றிருக்கும் புரொப்பெல்லரை யாராவது கையால் திருப்பினால்கூட இன்ஜின் உயிர்பெறலாம். நான் மீட்டரைப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முள் நிற்கும் முன்பே தலையாட்டினார்.

ரைட் சகோதரர்கள் வீட்டுக் கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். விபத்து நேர்ந்தால் இருவரையும் இழக்கக் கூடாது என்று, அண்ணன் தம்பி ஒன்றாகப் பறக்கவே கூடாது என்பது அப்பா மில்டனின் கட்டளை. 1910 மே 25 அன்று ஒரே ஒரு தடவை அனுமதித்தார். அதே நாளில் தம்பி ஆர்வில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டார். 81 வயது. பயந்துவிடுவாரோ என்று மகன் யோசிக்க, அவரோ "இன்னும் மேலே, ஆர்வில், இன்னும் மேலே" என்றாராம்.

2,000 அடியில் என் அப்பா எதுவும் பேசவில்லை. கீழேயும் பார்க்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல், மீட்டர்களுக்கு மேலே உள்ளங்கையை வைத்து இன்ஜின் அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் மேலே போகலாமாப்பா?"

"இன்ஜின் நல்லா இருக்கு. போம்மா."

3,000 அடி வரை போனோம்.