வந்த வழி தெரியும் பணம்

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டனில் ஒரு வங்கியின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இப்போதும் கடதாசிக் கட்டோடு வீடு தேடி வருகிறவர்கள் உண்டு. "விசா முடியப்போகுது சேர், வருமானத்தைக் காட்டச் சொல்றாங்க, எதைக் காட்டுறது?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. இன்றைக்கு அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டவருக்கு நீண்டகால விசா என்றதும், பண்டாரவளையிலோ எல்லவிலோ வீடெடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்தான் பலருக்கு நினைவில் வருவார். அவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் நம்முடைய மலையக ஆட்களே அதிகம். டிக்கோயாவில் ஓர் அக்கா இருக்கிறார். எழுபதுகளில் சிறுபிள்ளையாக, இந்தியக் கடவுச்சீட்டில், தாய் தகப்பனோடு கப்பலேறியவர். சென்னையில் தாதிப் படிப்பு, பிறகு லண்டனில் வேலை, பிரித்தானியக் குடியுரிமை. இப்போது பென்ஷன் எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வந்திருக்கிறார். பிறந்தது இதே மலையில். கடதாசியில் வெளிநாட்டவர்.

"இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று உடனே ஒருவர் சொல்வார். ஒரு காலத்தில் இலங்கைப் பிரஜையாக இருந்து அதை இழந்தவருக்குத்தான் அந்த வழி. அப்படிப்பட்டவர் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் சனத்தில் பெரும் பகுதி எந்த நாட்டுப் பிரஜையுமாக இருக்கவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த அக்காவின் குடும்பம் இங்கே இருந்தது நாடற்றவர்களாக, போனது இந்தியப் பிரஜைகளாக. இலங்கைப் பிரஜாவுரிமை அவர்களிடம் இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றை எப்படித் திரும்பப் பெறுவது? இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே இருந்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆகவே அவருக்கு விசாதான். விசா என்றால் வருமானத்தைக் காட்டத்தான் வேண்டும்.

55 வயதைத் தாண்டியவர்களுக்கு 'மை ட்ரீம் ஹோம்' என்ற விசாத் திட்டம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதன் நிபந்தனை 15,000 டொலர் வைப்பு, அதற்கு மேல் மாதம் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், உங்களில் தங்கி வாழும் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னும் 750 டொலர். தொகையும் விதியும் மாறக்கூடியவை. ஆகவே பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு கடதாசிக் கட்டைத் தயார் செய்யுங்கள்.

இதில் பலர் தடுமாறுவது 'வர வேண்டும்' என்ற இடத்தில். கையில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி, மாதாமாதம் எவ்வளவு வந்தது என்பது வேறு கேள்வி. வங்கி முகாமையாளரிடம் போய், இன்ன திகதியில் கணக்கில் இவ்வளவு இருக்கிறது என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது முதல் கேள்விக்குப் பதில். அதிகாரி கேட்பது இரண்டாவதை. கணக்குக் கூற்றில் ஒவ்வொரு மாதமும் வெளிநாட்டிலிருந்து, உங்கள் பெயருக்கு, வங்கி வழியாகப் பணம் வந்த வரி தெரிய வேண்டும். விசா முடிய இரண்டு கிழமை இருக்கும்போது யாரிடமாவது கைமாற்று வாங்கி ஒரு பெரிய தொகையைப் போட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. கூற்றைப் புரட்டிப் பார்க்கிறவருக்கு அது பளிச்சென்று தெரியும். அதற்கு முன் பதினொரு மாதம் வெறுமை, கடைசியில் ஒரு மலை.

தாய்லாந்தில் ஓய்வுகால விசாவில் இருக்கிறவர்களுக்கும் இதே கதை நடந்தது. அங்கே வங்கியில் 800,000 பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். பிரித்தானிய, அமெரிக்கத் தூதரகங்கள் முன்பு வருமானக் கடிதம் கொடுத்து வந்தன. 2018 முடிவோடு அதை நிறுத்திவிட்டன. ஓய்வூதியக்காரர்கள் சொன்னதை எழுதிக் கொடுக்கலாமே தவிர, அது உண்மைதானா என்று தூதரகம் பொறுப்பெடுக்க முடியாது. அதற்குப் பிறகு மாத வருமானத்தைக் காட்ட விரும்பியவர்கள் வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வந்ததைக் காட்ட வேண்டியதாயிற்று.

சரி, நம் அக்காவின் கணக்கைப் பார்ப்போம். பிரித்தானிய அரச பென்ஷன், 2025-26இல் முழுத்தொகை கிடைக்கிறவருக்கே வாரம் 230.25 பவுண்தான். மாதக் கணக்கில் சுமார் 1,000 பவுண். டொலராக்கினால் 1,500ஐத் தொடாது. அதோடு இன்னொன்று. இலங்கையில் குடியிருப்பவருக்கு அந்த அரச பென்ஷன் வருடாவருடம் கூடுவதில்லை, நின்ற இடத்திலேயே நிற்கும். அக்காவுக்கு ஆஸ்பத்திரி வேலையின் பென்ஷனும் சேர்ந்து வருவதால் எல்லையைத் தாண்டிவிடுகிறார். ஆனால் மயிரிழையில் தாண்டுவது போதாது. பவுண் கொஞ்சம் இறங்கினால் அந்த மாதம் 1,480 ஆகிவிடும். கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பச் சொல்லுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

அரச பென்ஷன் வெளிநாட்டில் இருப்பவருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும், விரும்பினால் பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். வங்கிக் கட்டணம் மிச்சம் என்று பதின்மூன்று வாரத்தைத் தெரிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு ஒரு சதம் குறையாது, ஆனால் கூற்றில் இரண்டு மாதம் வெறுமையாக இருக்கும். விசாவுக்காக இருப்பவர் நான்கு வாரத்தையே வைத்துக்கொள்வது நல்லது. முடிந்தால் பென்ஷனை அங்குள்ள உங்கள் கணக்கிலேயே வாங்கி, அங்கிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரே திகதியில் இங்கே அனுப்பும்படி நிலையான கட்டளை போட்டுவிடுங்கள். கூற்று ஒழுங்காக இருக்கும்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். அரச ஓய்வூதியக்காரர் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மறந்தால் டிசம்பரிலிருந்து பென்ஷன் நின்றுவிடும், பிறகு கொடுத்தால் நிலுவை சேர்ந்து வரும். மனிதர் நுவரெலியாவில் உயிரோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார், கூற்றில் மூன்று மாதம் ஆளே இல்லை. கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது, இந்தச் சான்றிதழுக்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லாமல் போகலாம், முதலில் அங்கே கேளுங்கள். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்று, தொழிலாளர் பென்ஷனாக மாதம் ஆயிரம் இரண்டாயிரம் இந்திய ரூபாய் எடுக்கிற மனிதருக்கு 1,500 டொலர் என்பது வேறு உலகம். ஒரு இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல். கொட்டகலையில் கூடப்பிறந்தவனோடு கடைசிக் காலத்தைக் கழிக்க நினைக்கிற அவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. இது வசதியுள்ளவரைக் கூப்பிடும் திட்டம். பிரிக்கப்பட்ட குடும்பங்களை நினைத்துச் செய்ததல்ல. தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எது கணக்கில் சேராது என்பதையும் சொல்ல வேண்டும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாறி, வந்த பணம் சேராது. 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் வங்கியில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்தபோது, உண்டியலில் அதைவிட நல்ல விலை கிடைத்தது. பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள், குடும்பத்தைப் பார்க்க வேண்டுமே, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாதங்களுக்குக் காட்ட ஒரு துண்டும் இல்லை. வெளிநாட்டு அட்டையைப் போட்டு ஹட்டன் டவுனில் இயந்திரத்தில் காசு எடுப்பதும் இங்குள்ள கணக்கில் வரவாகப் பதியாது. ரூபாய் வைப்பின் வட்டி எவ்வளவு வந்தாலும் அது வெளிநாட்டு வரவு ஆகாது. எல்லவில் இரண்டு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டு அந்தக் காசைக் காட்டினால் இன்னும் மோசம். வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் இருந்துகொண்டு இங்கே சம்பாதிப்பதற்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும்.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கு இது பரம்பரை வியாதி. தோட்டத்துக் கிளாக்கர் பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி எழுதினார், இந்தியக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் போயிற்று, லண்டனில் கலியாணத்துக்குப் பிறகு புருஷன் பெயர் பின்னால் ஒட்டியது. லெட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி என்று மூன்று பேர் ஒரே அக்காவுக்குள் இருக்கிறார்கள். பென்ஷன் கடிதத்தில் ஒருவர், வங்கியில் ஒருவர், கடவுச்சீட்டில் ஒருவர் என்றால் பணம் யாருக்கு வந்தது என்று அதிகாரி கேட்பது நியாயம்தானே. இங்கே கணக்குத் திறக்கும்போதே கடவுச்சீட்டில் உள்ள எழுத்தை அப்படியே போடச் சொல்லுங்கள். பழைய வேறுபாடுகளுக்குச் சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி செய்து வையுங்கள். தங்கச்சியோடு கூட்டுக்கணக்கு வேண்டாம், அது வேறு தேவைக்கு வேறாக இருக்கட்டும்.

வருமானத்தைக் காட்டு என்று இந்த மலையில் கேட்பது புதிதல்ல. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தில், போதிய நிலையான வருமானமோ தகுந்த தொழிலோ இருக்கிறதா என்பதும் ஒரு நிபந்தனை. விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் 5 வரைதான் தவணை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது நிராகரிப்பு. அவர்களின் பேத்தி இன்றைக்கு டொலரில் அதே கேள்விக்குப் பதில் சொல்கிறார். இதைச் சொன்னபோது அந்த அக்கா சிரித்துவிட்டு, "அப்ப பாட்டியிட்ட பாஸ் புத்தகம் இல்ல, என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

விசா முடிவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே கூற்றைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் இறக்கியது போதாது, வங்கி முத்திரை வேண்டும் என்றால் கிளைக்கு இன்னொரு நடை போக நேரம் இருக்கும். தமிழில் உள்ள பென்ஷன் ஆணையைச் சத்திய மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி, மூலப் பிரதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து போகிறவர்கள் முதல் நாளே கொழும்பில் போய்த் தங்குவது நல்லது. நாவலப்பிட்டிப் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றால், அன்றைய வரிசையும் போய்விடும்.