துப்புரவு மீன் நிஜமாகவே துப்புரவு செய்கிறதா?

[திரையில்: வாயைப் பிளந்தபடி நிற்கும் களவா மீன்]

பெரிய களவா ஒன்று வாயைத் திறந்தால், எதிரே இருக்கும் சின்ன மீனின் கதை முடிந்தது என்றுதான் நினைப்போம். இங்கே பாருங்கள். விரல் நீளத்தில், உடம்பில் கறுப்புக் கோடு ஓடும் ஒரு மீன் தானாகவே அந்த வாய்க்குள் நுழைகிறது. பல்லிடுக்கில் கொத்துகிறது, செவுள் வழியாக வெளியே வருகிறது. களவா அசையவே இல்லை.

இதன் விலங்கியல் பெயர் லாப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ். நாம் துப்புரவு மீன் என்றே சொல்லிக்கொள்வோம். செங்கடலில் தொடங்கி பசிபிக் வரை பவளப்பாறைகளில் இருக்கிறது. பாறையில் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். களவா, கிளிமீன், அஞ்சாளை என்று மற்ற மீன்கள் அங்கே தேடி வரும்.

இந்த மீன் ஒட்டுண்ணிகளைத் தின்று மற்ற மீன்களுக்கு உதவுகிறது என்று பல காலமாகவே சொல்லி வந்தார்கள். ஆனால் ஆதாரம் ஆட்டம் கண்டது. ஹவாயில் இதன் உறவான இன்னொரு துப்புரவு மீன் இனத்தை அகற்றிப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வருகிற மீன்களுக்கு உடம்பை வருடிவிடுவது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றுகூட ஒரு கட்சி பேசியது.

[திரையில்: வரைபடம். ஆஸ்திரேலியா, கிரேட் பேரியர் ரீஃப், லிசார்ட் தீவு]

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கடல் சூழலியலாளர் அலெக்ஸாண்ட்ரா கிரட்டர். அவர் முதலில் செய்தது, எண்ணியதுதான். துப்புரவு மீனின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துக் கணக்கெடுத்தார். 1996-இல் வந்த விடை: ஒரே மீன், ஒரு நாளில் சராசரியாக சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. அதற்காக 2,000 தடவைக்கு மேல் மற்ற மீன்களின் உடம்பைச் சோதிக்கிறது.

அந்த ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை நத்தீட் என்ற வகை. மாட்டைப் பிடிக்கும் உண்ணி மாதிரி இவை மீனைப் பிடிக்கின்றன. சில மில்லிமீட்டர்தான் இருக்கும். கடலடியிலிருந்து கிளம்பி வந்து மீனில் ஒட்டி, ரத்தம் குடித்து வயிறு வீங்கியதும் விழுந்துவிடும். இளம் பருவத்தில்தான் இந்த ரத்தவெறி. வளர்ந்த நத்தீட் எதையும் தின்பதே இல்லை.

சரி, 1,200 தின்றால் மட்டும் போதுமா? தின்னத் தின்னப் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டே இருந்தால்? அதற்கும் ஒரு சோதனை, 1999-இல். துப்புரவு மீன் உள்ள பாறையிலும் இல்லாத பாறையிலும் ஒரே இன மீன்களைக் கூண்டில் வைத்தார். 12 மணி நேரத்துக்குள், துப்புரவு மீன் இல்லாத பக்கம் இருந்த மீன்களில் ஒட்டுண்ணிகள் நாலரை மடங்கு அதிகம்.

அடுத்துதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சிறு சிறு பாறைகளாகத் தேர்ந்தெடுத்து, சிலவற்றில் மட்டும் துப்புரவு மீன்களை அகற்றி, மறுபடி வந்து சேராமல் 18 மாதம் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பாறைகளில் மீன் இனங்கள் பாதியாகக் குறைந்தன. மீன்களின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. குறைந்தவை பாறை விட்டுப் பாறை போகக்கூடிய மீன்கள். சேவை இல்லாத இடத்துக்கு ஏன் வர வேண்டும்? அப்போது, ஒரே பாறையில் குடியிருக்கும் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றியது. அதே தீவில் எட்டரை வருடம் அகற்றிக்கொண்டே இருந்த பிறகு அவையும் குறைந்திருந்தன. 2011-இல் வெளியான கட்டுரையில் இது இருக்கிறது. ஹவாயில் தெரியாதது இங்கே தெரிந்ததற்கு, இந்தப் பொறுமைக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

[திரையில்: கொத்தியதும் கிளிமீன் துள்ளும் காட்சி, மெதுவாக]

இதற்குள் துப்புரவு மீனை நல்ல பிள்ளை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதற்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி இல்லை. மீனின் தோல் மேல் இருக்கும் வழவழப்பு. கிரட்டரும் ஆய்வாளர் ரெடுவான் பிஷாரியும் சேர்ந்து இதைக் காட்டினார்கள். கிளிமீன் திடீரென்று துள்ளுகிறதே, அது ஒட்டுண்ணிக்குப் பதிலாக வழவழப்பைக் கடித்து ஏமாற்றப்பட்டதன் அடையாளம்.

அப்படியானால் முழு நேரமும் ஏமாற்ற வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். பக்கத்தில் வேறு மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும். ஒழுங்காக வேலை செய்கிற துப்புரவு மீனிடம்தான் அவை ஒதுங்குகின்றன. 2006-இல் நேச்சர் இதழில் இருவரும் எழுதியது இதைத்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்யும்போது பெண் திருட்டுக் கடி கடித்தால், ஆண் அதைத் துரத்தித் துரத்தி விரட்டும். வாடிக்கை போய்விடுமே என்ற பதற்றம் அதற்கு!

அப்புறம், இதே நிறம், இதே கோடு, இதே ஆட்டத்தோடு இன்னொரு மீன் உண்டு. துப்புரவு மீன் என்று நம்பி நெருங்கினால், துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். அந்தப் போலி ஆசாமியை அடுத்த வீடியோவில் பிடிப்போம்.