முரசை அளக்கும் கோல்

அன்பான நேயர்களே, வணக்கம்.

பல்லு விளக்கும்போது முரசில், அதாவது பல் ஈறில், இரத்தம் வந்தால் என்ன செய்கிறோம்? "புண்ணாயிருக்கு, அங்க தேய்க்க வேணாம்" என்று பிரஷ்ஷை மற்றப் பக்கம் திருப்பிவிடுகிறோம். லயத்து வீட்டிலும் இதே கதைதான், டவுன் வீட்டிலும் இதே கதைதான். ஆனால் அந்த இடத்தைத்தான் நாம் கூடுதலாகத் துலக்க வேண்டும். இரத்தம் வருவது பிரஷ் பட்டதால் அல்ல. அங்கே பல நாளாக அழுக்கு தங்கியிருப்பதால்.

பல்லின் அடியோரத்தில் நாக்கால் தடவினால் வழுவழுப்பாக ஒரு படலம் தட்டுப்படும். அது வெறும் சோற்றுமிச்சம் இல்லை, உயிருள்ள கிருமிகளின் குடியிருப்பு. 1965 இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், ஆரோக்கியமான 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருடைய முரசும் சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே, உங்கள் முரசில் இரத்தம் வந்தால் ஒரு பத்து நாள் மெதுவாக, ஆனால் விடாமல் துலக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லையென்றால், பிரஷ் எட்டாத ஏதோ அங்கே இருக்கிறது.

பெரும்பாலும் அது கல்லாகத்தான் இருக்கும். பற்காரை என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நம்மவர்கள் பல்லில கல்லு என்பார்கள். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் படலத்தில் இறங்கி, ஓரிரு நாளிலேயே அதை இறுக வைக்கத் தொடங்கும். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கமும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கமும்தான் கல் அதிகம் பிடிக்கும் இடங்கள். எச்சில் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் திறக்கின்றன. இறுகிய கல்லைப் பிரஷ் ஒன்றும் செய்யாது. ஊசியால் கிண்டினால் முரசுதான் கிழியும்.

இந்தக் கல்லை எடுப்பதையும், முரசைக் காப்பதையும், மனிதருக்குத் துலக்கக் கற்றுக்கொடுப்பதையுமே தொழிலாகக் கொண்டவர்தான் டென்டல் ஹைஜீனிஸ்ட். தமிழில் பற்சுகாதாரவியலாளர் எனலாம். அமெரிக்காவில் பிரிஜ்போர்ட் என்ற ஊரில் அல்பிரட் போன்ஸ் என்ற பல் வைத்தியர், 1906 இல் ஐரீன் நியூமன் என்ற தம் உதவியாளருக்கு இந்த வேலையைப் பழக்கினார். 1913 இல் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். நம் இலங்கையில் இந்த வேலையைப் பெரும்பாலும் பல் வைத்தியரே செய்கிறார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். யார் செய்தாலும் வேலை ஒன்றுதான். அந்த வேலை கல்லைச் சுரண்டுவதில் தொடங்குவதில்லை, அளப்பதில் தொடங்குகிறது.

அளக்கும் கோல் மெல்லியது. அதன் நுனியில் அரை மில்லிமீற்றர் அளவில் ஓர் உருண்டை, மேலே 3.5 முதல் 5.5 மில்லிமீற்றர் வரை ஒரு கறுப்புப் பட்டை. முரசுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அதை 20, 25 கிராம் பாரத்தோடு மட்டுமே இறக்குவார்கள். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடம். 28 பல் இருந்தால் 168 அளவுகள். 1 முதல் 3 மில்லிமீற்றர் இறங்கினால் நல்லது. 4 அல்லது அதற்கு மேல் இறங்கி, இரத்தமும் கசிந்தால், அங்கே முரசு பல்லை விட்டுப் பிரிந்து ஒரு பை உண்டாகியிருக்கலாம். அந்தப் பைக்குள் வீட்டுப் பிரஷ் போகாது.

"எங்க தாத்தா கடைசி வரைக்கும் கரியில பல்லு விளக்கினவரு, ஒரு பல்லு ஆடல்லையே" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அதற்கு விடை நம் மலையகத்திலேயே கிடைத்திருக்கிறது. 1970 இல், நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லோரும் ஆண்கள், இளவயதினர். பிரஷ் பிடிக்கும் பழக்கமில்லை, பல் வைத்தியமும் எட்டவில்லை. பூச்சிப்பல்லும் அநேகமாக இல்லை. 15 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எல்லோர் வாயிலும் அழுக்கும் கல்லும் முரசு வீக்கமும் இருந்தன. ஆனால் 100 க்கு 11 பேருக்கு நோய் முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 பேருக்கு மெல்ல மெல்ல எலும்புவரை இறங்கியது. 8 பேருக்கு மிக வேகமாக இறங்கியது. அந்த எட்டுப் பேரின் கூட்டத்தில், 35 வயதில் பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீற்றர் அளவுக்குப் போய்விட்டது. பல்லின் வேர் மொத்தமே 13, 14 மில்லிமீற்றர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தாத்தா அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தக் கூட்டம் என்பது கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. கோல் இறங்கும் ஆழத்தில்தான் தெரியும். உலகத்துப் பல் வைத்திய மாணவர்கள் முரசு நோயின் இயல்பைப் படித்தது நம் தோட்டத்து மனிதரின் வாயை வைத்து. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கோல் கட்டாயம் எட்டியாக வேண்டும்.

அளந்த பிறகுதான் கல் எடுப்பது. விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் ஒரு முனையால் கல்லை உடைப்பார்கள். முனையின் கூரைப் பல்லில் குத்தக்கூடாது, பக்கவாட்டால் தடவிக்கொண்டே போகவேண்டும், ஓரிடத்தில் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் சூடேறும், வேரிலும் கீறல் விழும். அதனால்தான் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். பைக்குள் இருக்கும் கல்லை வளைந்த கைக்கருவியால் எடுப்பார்கள். ஆழமான இடத்துக்கு மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். கடைசியில் பல்லை மெருகேற்றுவார்கள். பூச்சிப்பல் வரக்கூடிய பிள்ளைகளுக்கு புளோரைட் வார்னிஷ் பூசுவதும் உண்டு.

இனி, பலரை வாசலோடு திருப்பி அனுப்பும் பயத்துக்கு வருவோம். "கிளீன் பண்ணினா பல்லு ஆடும், இடைவெளி விழும்." ஆடுவது உண்மை, இடைவெளி தெரிவதும் உண்மை. ஆனால் கருவி அதை உண்டாக்கவில்லை. எலும்பு கரைந்து ஏற்கனவே ஆடிய பற்களை, கல் சிமெந்து மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தது. கல் போனதும் உள்ளதை உள்ளபடி நாக்கு உணர்கிறது. வீங்கியிருந்த முரசும் வற்றிச் சுருங்கும், அதனால் இடைவெளி தெரியும். சில வாரங்களில் முரசு இறுகியதும் ஆட்டம் பலருக்குக் குறையும். நுவரெலியாப் பக்கத்துப் பச்சைத்தண்ணீர் கொஞ்ச நாள் பல்லில் சுரீரென்று ஏறும். வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல் வைத்தியரின் கதிரையில் படுத்ததும் கேட்காமலே சொல்லவேண்டியவை சில உண்டு. சீனி வியாதி, இரத்தம் உறையாமல் குடிக்கும் மாத்திரை, இதய வால்வுக் குறைபாடு, கர்ப்பம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு முரசு சீக்கிரம் வீங்கும். கிளினிக்கில் பல்லைக் காட்டச் சொன்னால் தட்டாமல் போங்கள். கல் எடுக்க 4 முதல் 6 ஆம் மாதம் வரை வசதியான காலம். சீனி கட்டுப்படாதவர்களுக்கு முரசு ஆறாது, முரசு ஆறாதவர்களுக்குச் சீனியும் எளிதில் இறங்காது.

வெற்றிலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். மலையில் கொழுந்து பறிக்கும்போது குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்பது தெரிந்ததே. ஆனால் சிவப்பாகத் துப்பிப் பழகியவருக்கு, அதில் முரசு இரத்தம் எவ்வளவு என்பது தெரியாமலே போகிறது. சுருட்டு, பீடி பிடிப்பவருக்கு வேறு ஏமாற்றம். புகையால் இரத்தக் கசிவு குறைந்து, நோய் உள்ளே இறங்கினாலும் முரசு நல்லதுபோலத் தோன்றும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கும் புகையிலையும் அதன் முக்கிய காரணங்கள். அதனால் முரசைப் பார்ப்பவர் கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்ப்பார். உறைப்பு பட்டால் எரிவு, வாய் முன்போலத் திறக்காமை, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டவேண்டும். உங்கள் மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லையென்றால் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. மென்மையான பிரஷ். நார்களை முரசும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, இரண்டு மூன்று பல்லாகச் சின்ன அசைவுகளில் துலக்குங்கள். காலையிலும் படுக்கப்போகும்போதும் இரண்டிரண்டு நிமிடம். இராத்திரித் துலக்கலுக்குப் பிறகு சீனி போட்ட தேத்தண்ணீர் வேண்டாம். பற்பசை ட்யூபில் புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் வரை என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசி மணி அளவு பசை, ஆறு வயதுவரை பட்டாணி அளவு. துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கரியும் செங்கல்தூளும் பல்லின் கழுத்தை அரித்து ஆப்பு வெட்டியது போலாக்கும். விரல் பல் இடுக்குக்குள் போகவும் போகாது. உப்புத்தண்ணீர் நோவைத் தணிக்கும், அழுக்கை எடுக்காது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து தந்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவியுங்கள். அதை நீட்டினால், நம்மைப்போல நாளுக்கு ஐந்தாறு தடவை சாயத்தண்ணீர் குடிப்பவர்களுக்குப் பல் சீக்கிரம் கறுக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும் என்பது உண்மையான கஷ்டம். ஆகவே போன நாளை வீணாக்காதீர்கள். எழும்பி வரும் முன் கேளுங்கள்: "எனக்கு ஆகக் கூடிய ஆழம் எத்தனை மில்லிமீற்றர், எந்தப் பல்லில்?" அந்த எண்ணைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கல் எடுத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் அதே பல்லை மறுபடி அளப்பார்கள். 6 இருந்த இடம் 4 ஆகி, இரத்தமும் நின்றிருந்தால் முரசு பல்லைத் திரும்பப் பிடிக்கிறது. அதே 6, அதே இரத்தம் என்றால் உள்ளே கல் மீந்திருக்கலாம், சீனி கட்டுப்படாமல் இருக்கலாம், அல்லது துலக்கும் கை அந்த மூலைக்கு எட்டாமல் இருக்கலாம். அப்போது பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தரமுடியுமா என்று கேளுங்கள். போகும்போது அந்தக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள்.

வணக்கம்.