ஒரே டோஸ்கா, நான்கு இரவுகள்

நண்பர்களே, வியன்னாவில் குடியேறிய முதல் வருஷம் நான் செய்த தவறைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அங்குள்ள அரசு ஆப்பரா அரங்கில் செப்டம்பர் முதல் ஜூன் வரை கிட்டத்தட்ட தினமும் திரை உயரும். ஆப்பரா என்றால் பாட்டாலேயே கதை சொல்லும் இசை நாடகம். இன்று வெர்டி இசையமைத்தது என்றால் நாளை மோஸார்ட், மறுநாள் வாக்னர். பட்டியலைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் எல்லாவற்றுக்கும் டிக்கெட் எடுத்தேன். டிசம்பருக்குள் களைத்துவிட்டேன். எந்த இரவில் எந்தக் குரலைக் கேட்டேன் என்பதே மனத்தில் நிற்கவில்லை.

இப்போது வேறு மாதிரி திட்டமிடுகிறேன். டிசம்பர் 31 அன்று 'டி ஃப்ளெடர்மவுஸ்' என்ற நகைச்சுவைப் படைப்பு, ஈஸ்டரையொட்டி வாக்னரின் 'பார்சிஃபால்'. இவற்றை முதலில் குறித்துவிடுவேன். ஆப்பரா பால் என்ற நடன விழாவுக்காகக் கீழ்த்தள நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிட்டு, மேடை மட்டத்துக்குத் தளம் போடுவார்கள். அந்தச் சில நாட்கள் ஆப்பரா கிடையாது. விருந்தினரை அந்த வாரம் கூப்பிடாதீர்கள்.

சரி, மீதி நாட்கள்? ஒரே ஆப்பராவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். சுற்றுலா வந்தவருக்கு அது முடியாது. அங்கேயே வாழ்பவருக்குத்தான் அந்தப் பாக்கியம். புச்சீனியின் 'டோஸ்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கரேட்டே வால்மான் என்ற இயக்குநர் 1958-இல் உருவாக்கிய அந்த மேடையாக்கம் 600 தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. காட்சியமைப்பு அதேதான், பாடுபவர்கள்தான் மாறுவார்கள். இரண்டாம் அங்கத்தில் கதாநாயகியான பாடகி டோஸ்கா பாடும் 'விஸ்ஸி தார்த்தே' வரும். அன்பும் கலையுமே வாழ்வாக இருந்த எனக்கு ஏன் இந்தத் துயரம் என்று கடவுளிடம் கேட்கும் பாட்டு. அந்தக் காலத்தில் மரியா யெரிட்ஸா என்ற பாடகி தரையில் குப்புறக் கிடந்தபடி பாடிப் புகழ்பெற்றார். நான் கேட்டவர்களில் ஒருவர் முழங்காலிட்டுப் பாடினார், இன்னொருவர் அசையாமல் நின்றே பாடினார். கேள்வி ஒன்றுதான், ஆனால் ஒருவரிடம் அது மன்றாட்டாக இருந்தது, மற்றவரிடம் கோபமாக.

இத்தனை முறை போகக் காசுக்கு எங்கே போவது என்பீர்கள். நின்று பார்க்கும் இடங்கள் மிகவும் மலிவு. உள்ளே போனதும் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டால் இடம் நம்முடையது. துண்டு போட்டு இடம் பிடிப்பதேதான்! கீழ்த்தளத்தில் நாற்காலி வரிசைகளுக்குப் பின்னால் நிற்கும் அந்த இடத்தில் இசை நேராக வந்து நெஞ்சில் விழும். வாசிப்பதும் சாமானிய இசைக்குழுவா? புகழ்பெற்ற வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கு ஆள் எடுப்பதே இவர்களிலிருந்துதான்.

மூன்றாம் அங்கத்தில் டோஸ்காவின் காதலன் கவரடோஸி சாவதற்கு முன் பாடும் பாட்டை முதலில் ஒற்றைக் கிளாரினெட்தான் எடுத்துக்கொடுக்கும். நான்காம் இரவு அது தொடங்கும் முன்பே, பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற மூதாட்டி கண்களை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.